தூக்குப்பால மாதிரி: வேலை நிறைவும் கணக்கும்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாம்பன் தூக்குப்பாலத்தின் சிறிய மாதிரியை வைக்கும் அறை முடிந்துவிட்டது. கூரை, வெள்ளை, மின்வேலை எல்லாம் மதிப்பீட்டுக்குள் அடங்கின.

கேள்வி மாதிரியைப் பற்றித்தான். 40,000 ரூபாய்க்குப் பேசியது 71,000 ஆனது எப்படி என்று கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான். முதலில் வந்த மாதிரியில் பாலத்தின் இரண்டு பாதிகளும் கதவைப் போலக் கீலில் திறந்தன. நம் பாலம் அப்படித் திறப்பதல்ல. ஷெர்சர் என்ற பொறியாளர் வகுத்த முறையில் ஒவ்வொரு பாதியின் அடியும் வளைவாக இருக்கும். அந்த வளைவு பின்னால் உருள உருள, முன்பக்கம் மேலே எழும். பின்னால் எதிர் எடை இருப்பதால்தான் தூண்களுக்கு இடையே உள்ள தூக்குக் கண்ணை ஆட்கள் நெம்புகோல் பிடித்துக் கைப்பலத்தால் திறந்தார்கள். 1914இல் கட்டிய பாலத்தின் பெருமையே அந்த உருளலில் இருக்கிறது. நெம்புகோல் பிடித்த பெரியவர்கள் இருவர் அந்த முதல் மாதிரியைப் பார்த்ததுமே "இது இல்லை" என்று தலையை ஆட்டிவிட்டார்கள்.

அதைச் செய்தவரோ, "திறக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். முன்பணம் 25,000. மூன்று முறை நடந்தோம்; 9,000தான் திரும்பியது. போனது 16,000. வேறு பட்டறையில் புதிதாகச் செய்ய 55,000. பொதுக்குழுவைக் கூட்டாமல் முடிவெடுத்தது தவறென்றால் ஏற்றுக்கொள்கிறேன். கீல் மாதிரியை வாங்கி வைத்திருந்தால் அதைவிடப் பெரிய தவறாகியிருக்கும்.

புதிய பாலம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டதே, பழையதற்கு எதற்குச் செலவு என்றும் சிலர் கேட்டீர்கள். புதியதில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அது வேறு வேலைப்பாடு. பழைய பாலத்திலோ, 1964 டிசம்பர் புயலில் 126 கண்கள் போயும் தூக்குக் கண் நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீண்டும் இணைத்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. பழைய இரும்பு எத்தனை நாள் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அது எப்படித் திறந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

கூடுதல் 31,000இல் 20,000 நன்கொடை, 11,000 சேமிப்பிலிருந்து. தந்தவர்கள்: விசைப்படகுக்காரர்கள், நாட்டுப்படகு மீனவர்கள், கருவாட்டுக் கடைப் பெண்கள், தங்கச்சிமடத்து ஐஸ் வியாபாரிகள், அக்காள்மடத்துக் குடும்பங்கள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், ராமேஸ்வரம் ஆட்டோ ஓட்டுநர்கள், மண்டபத்துக் கடைக்காரர்கள். ஒவ்வொருவர் பெயரும் அறையில் பலகையில் இருக்கிறது. ஐந்து ரூபாய் தந்தவர் பெயரும் விடுபடவில்லை.

ரசீதுகள் அலமாரியில் இருக்கின்றன. மாலை 5 முதல் 7 வரை யாரும் வந்து பார்க்கலாம். வரும்போது பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மாதிரியின் கைப்பிடியை அவர்களே சுற்றட்டும்.

செயலாளர்