மூச்சுத் தசையையும் அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

உடல் பருமன் உள்ள வளரிளம் பருவத்தினருக்கு மூச்சுத் தசைப் பயிற்சி அளிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். இந்தப் பிள்ளைகள் சிறிது தூரம் ஓடியதும் நின்றுவிட்டால் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமே அல்ல. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேல்நோக்கி அழுத்துகிறது. மார்பில் சேர்ந்தது விலா எலும்புகளை விரியவிடாமல் தடுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றும் நான், ஆறு நிமிட நடைச் சோதனையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கும் பிள்ளையிடம் எங்கே சிரமம் என்று கேட்டால், அதன் கை காலைத் தொட்டுக் காட்டுவதில்லை, நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுகிறது.

உள்ளிழுக்கும் காற்றுக்குத் தடை கொடுக்கும் சிறு கருவியைக் கொண்டு, பொதுவாக வேளைக்கு 30 மூச்சுகள் என நாளுக்கு இரு வேளை, மூச்சுத் தசைகளை வலுப்படுத்தச் சில வாரங்கள் செய்யும் பயிற்சி இது. எடையை இது குறைத்துவிடாது. நடைக்கோ விளையாட்டுக்கோ மாற்றும் அல்ல. ஆயினும், 5 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் சில நிமிடங்களிலேயே திணறும் பிள்ளை அந்த இலக்கை எப்படி எட்டும்? எனவே, பருமன் சிகிச்சை மையங்கள் எடையோடு உள்ளிழுக்கும் தசையின் வலிமையையும் முதல் நாளிலேயே அளக்க வேண்டும். அது குறைவாக இருந்தால், ஆஸ்துமா போன்றவை உள்ளனவா என்று மருத்துவர் பார்த்தபின், உடற்பயிற்சியுடன் இதையும் சேர்த்துத் தர வேண்டும்.