கரையில் இருக்க வேண்டிய ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை சிறைபிடித்தது என்று செய்தி வரும்போது படகுகள் எத்தனை, ஆள்கள் எத்தனை என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறீர்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் கேட்பது, "எங்க வீட்டுக்காரர் பேரு அதுல இருக்கா?" என்பதைத்தான். அது தெரியும்வரை அவர் பிடிபட்டாரா, கடலோடு போனாரா என்று சொல்ல ஆளில்லை.

இந்தத் தாமதத்தில் பாதி நம் கரையிலேயே உண்டாகிறது. விசைப்படகு கிளம்பும் நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் வேறொருவர் ஏறிக்கொள்கிறார். எழுதிக் கொடுத்த பட்டியலை யாரும் திருத்துவதில்லை. ஒரே தெருவில் நான்கு அந்தோணி, மூன்று முனியசாமி. அக்கரையில் தலைப்பெழுத்தை விட்டு எழுதிவிட்டால் எந்த அந்தோணி என்பது தெரியாது.

ஆகவே ஆளுக்கு ஒரு தாள் வேண்டும். முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், மீனவர் அடையாள அட்டை எண், படகின் பதிவு எண், சமீபத்திய புகைப்படம். கூடவே மச்சம், பழைய எலும்பு முறிவு, விழுந்த பல், பச்சை குத்திய இடம், சாப்பிடும் மாத்திரை. ஒரு படி வீட்டில், ஒரு படி படகு உரிமையாளரிடம். கடலுக்குப் போகும் செல்பேசியில் மட்டும் வைத்தால் அது செல்பேசியோடு போய்விடும்.

பிடிபட்டால், தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு இருக்கிறது. கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தூதரக அலுவலர் சிறைக்கே போய்ப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் உண்டு. "தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியம் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம் ஆகட்டும். சர்க்கரை, காசநோய் மருந்து எடுப்பவர் என்றால் மருந்துச் சீட்டின் நகலைக் குடும்பத்தார் அன்றே தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். மருந்து நின்றால் அதுவே தனி ஆபத்து. ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு திரும்பியவருக்கு அதன் பொருளையும் எடுத்துச் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். அரசு தரும் தினப்படி தடையில்லாமல் வர, மனைவி பெயரில் வங்கிக் கணக்கு இருப்பது நல்லது.

திரும்பாமல் போனால், "விடிஞ்சா வந்துருவாக" என்று காத்திருப்பதுதான் பெரிய பிழை. நீரோட்டமும் காற்றும் இழுக்க இழுக்க, தேட வேண்டிய பரப்பு மணிக்கு மணி விரியும். உடனே அழைக்க வேண்டிய எண்கள்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழகக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமம் 1093. கடைசியாகப் பேசிய நேரம், இருந்த திசை, படகின் நிறம், மிச்ச டீசல் இவற்றைச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்காமல் வரக்கூடாது. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ள இடம் தரும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 111ஆம் பிரிவுக்கு, கடைசித் தகவல் எப்போது என்பதைக் காட்டப் பின்னாளில் அந்த ரசீதுதான் கைகொடுக்கும்.

ஒதுங்கும் அடையாளம் தெரியாத உடல்களை எரித்துவிட்டால் எல்லாக் கதவும் மூடிவிடும். முகம், உடை, அரைஞாண், கழுத்துச் சுரூபம் (புனிதர் உருவப் பதக்கம்) எல்லாவற்றையும் படமெடுத்து, டி.என்.ஏ. சோதனைக்குப் பல்லோ எலும்போ எடுத்துவைத்து, எண்ணிட்ட தனிக்குழியில் அடக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தம் வேண்டும். மனைவியின் ரத்தம் மட்டும் உதவாது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டுக்குத் தகவல் போகும்முன் பெயரை அச்சிடாதீர்கள். காணாமல் போனவரின் மனைவியை விதவை என்று எழுதாதீர்கள். தாலியோடு இருப்பதா, கருமாதி செய்வதா என்று ஊரே நெருக்கும்போது, பத்திரிகையில் வந்த அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் அவளை வாயடைக்கிறார்கள்.

இப்படிக்கு,
மீனவர் குடும்பங்களோடு பணிபுரிவோர்,
பாம்பன்.