மூளை சிப் யாருக்குன்னு சேர்த்து போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பக்கவாதம் வந்தவங்க இனிமே பேசலாம், எண்ணத்தை படிக்கிற மூளை சிப் வந்தாச்சுன்னு அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. நான் திருநெல்வேலி பக்கம் வீடு வீடா போய் பிசியோதெரபி குடுக்கிற ஆளு. திங்கக்கிழமை காலைல இருந்து போற வீட்ல எல்லாம் இதே பேச்சுதான், சார் அந்த சிப் எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும், வயலை வித்தாவது அப்பாவுக்கு வச்சிரலாமான்னு. செய்தி பொய்னு நான் சொல்ல வரல, நடந்ததெல்லாம் நிஜம்தான், ஆனா யாருக்கு நடந்துச்சுங்கிறதை விட்டுட்டீங்க.

ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவங்கள்ல நிறைய பேருக்கு வலது கை காலும் சேர்ந்து விழுந்திருக்கும். இடது பக்க மூளையில ரத்தக்குழாய் அடைச்சு, வார்த்தையை தேடி எடுக்கிற இடமே அடிபட்டுப் போச்சுன்னு அர்த்தம், அஃபேசியான்னு டாக்டர்ங்க எழுதியிருப்பாங்க பாருங்க. தண்ணி வேணும்னு நினைச்சுட்டு சாவின்னு சொல்லுவாங்க, சொன்னது தப்புன்னு அவங்களுக்கே தெரியும், கோவத்துல டம்ளரை தட்டி விடுவாங்க. நீங்க போட்ட மிஷின் இவங்களுக்கு இல்ல. அது மூளையில வார்த்தை முழுசா இருந்து, வாய்க்கும் நாக்குக்கும் போற வழி மட்டும் அறுந்து போனவங்களுக்கு. ஏ.எல்.எஸ்.னு ஒரு நரம்பு வியாதி, ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்துச்சே அது, இல்லன்னா மூளைக்கு அடியில முதுகுத்தண்டோட சேர்ற மூளைத்தண்டுல வர்ற ஸ்ட்ரோக். இந்த ரெண்டு மாதிரி ஆளுங்களை வச்சுத்தான் அமெரிக்காவுல பேச்சு சிப்பை சோதிக்கிற ட்ரயல் பெரும்பாலும் நடந்திருக்கு.

எண்ணத்தை படிக்குதுன்னு போட்டீங்களே, அதுவும் அப்படி இல்ல. பேச ட்ரை பண்ணும்போது உதடு, நாக்கு, தாடை, தொண்டையை அசைக்க சொல்லி மூளையோட மேல்பக்கத்துல ஒரு பட்டையில இருந்து சிக்னல் கிளம்பும், வாதம் வந்து வருஷக்கணக்கானாலும் அந்த சிக்னல் கிளம்பிட்டேதான் இருக்கும், போய் சேர மட்டும் வழி இருக்காது. அந்த இடத்துல எலக்ட்ரோடு வச்சு சிக்னலை எடுத்து, இது 'ப' சத்தம் இது 'ஆ' சத்தம்னு கம்ப்யூட்டர் பிரிச்சு, அப்புறம் என்ன வார்த்தையா இருக்கும்னு ஊகிக்குது. அதாவது ஆளு உள்ளுக்குள்ள கஷ்டப்பட்டு பேசணும், சும்மா படுத்துட்டு நினைச்சா வராது. 2025ல அமெரிக்காவுல ஸ்டான்போர்டு யூனிவர்சிட்டியில மனசுக்குள்ள பேசுறதையும் எடுக்க முடியுதான்னு பாத்தாங்க, கொஞ்சம் வந்துச்சு, உடனே அவங்களே பயந்து, ஒரு ரகசிய வார்த்தையை மனசுல நினைச்சாத்தான் மிஷின் கேக்க ஆரம்பிக்கும்னு பூட்டு மாதிரி ஒண்ணையும் செஞ்சு பாத்தாங்க. உங்க தலைப்புக்கு கிட்ட வர்ற விஷயம் அது ஒண்ணுதான்.

வளர்ச்சி வேகமா இருக்கு, அதை ஒத்துக்கணும். சான் பிரான்சிஸ்கோவுல எட்வர்ட் சாங்னு ஒரு நியூரோ சர்ஜன், 2021ல அவர் டீம் 15 வருஷத்துக்கு மேல பேச்சில்லாம இருந்த ஒருத்தரை பேச வச்சாங்க, மொத்தமே 50 வார்த்தைதான், நிமிஷத்துக்கு சுமார் 15. ரெண்டே வருஷத்துல, 2023 ஆகஸ்ட்ல ஒரே நேரத்துல ரெண்டு ரிசல்ட் வந்துச்சு. சாங் டீம் ஒரு அம்மாவுக்கு 253 எலக்ட்ரோடு உள்ள ஷீட்டை மூளை மேல வச்சு நிமிஷத்துக்கு 78 வார்த்தை வர வச்சாங்க, குரல் கூட அவங்க கல்யாண வீடியோவுல இருந்து எடுத்து செஞ்சது. ஸ்டான்போர்டுல 62 வார்த்தை, ஆனா ஒன்னேகால் லட்சம் வார்த்தையில இருந்து தேடினதுல நாலுல ஒண்ணு தப்பா வந்துச்சு. அடுத்த வருஷமே டேவிஸ் யூனிவர்சிட்டியில ஒரு ஏ.எல்.எஸ். பேஷன்ட்டுக்கு 256 எலக்ட்ரோடு வச்சு நூத்துக்கு 97.5 சரியா வந்துருச்சு. நாம சாதாரணமா பேசுறது நிமிஷத்துக்கு 160 வார்த்தை சொச்சம், அதுக்கு இன்னும் தூரம் இருக்கு. நடக்கிற விஷயத்துல சுவிட்சர்லாந்துல லோசான்ல 2023ல ஒரு நெதர்லாந்துக்காரர் மூளையில ஒண்ணு முதுகுத்தண்டுல ஒண்ணுன்னு கருவி வச்சு ஊன்றுகோலோட நடந்தாரு, அவருக்கும் தண்டுவடம் முழுசா அறுந்து போகல. நீங்க பெரிய படமா போட்டிருந்த எலான் மஸ்க் கம்பெனி 2024 ஜனவரியில முதல் ஆளுக்கு வச்சது பேசுறதுக்கே இல்ல, கம்ப்யூட்டர் கர்சரை நகர்த்துறதுக்கு, வச்ச கொஞ்ச நாள்லயே நிறைய எலக்ட்ரோடு இழை மூளையில இருந்து பின்வாங்கிருச்சு, அப்புறம் சாஃப்ட்வேரை மாத்தி சமாளிச்சாங்க. அந்த படத்துக்கு பதிலா மண்டையில ஸ்க்ரூ போட்டு வெளிய நீட்டிட்டு இருக்கிற சாக்கெட், அதுல இருந்து கம்ப்யூட்டருக்கு போற ஒயர், அதை போட்டிருக்கலாம். இந்த பேச்சு ட்ரயல்ல எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. மிஷினுக்கு பழக்க வேற ஸ்க்ரீன்ல வர்ற வாக்கியத்தை மணிக்கணக்கா சொல்லிட்டே இருக்கணும்.

ட்ரயல் முடிஞ்சா என்னங்கிறது இன்னொரு விஷயம், யாரும் கேக்கிறதில்ல. ஒஹாயோவுல கை விளங்காம போன ஒருத்தருக்கு 2014ல சிப் வச்சு, கையை அசைச்சு கிட்டார் மாதிரி கேம் எல்லாம் விளையாடினாரு, 2021ல இன்ஃபெக்‌ஷன் ஆகி எடுத்துட்டாங்க. கண்ணுக்கு வைக்கிற கருவி செஞ்ச செகண்ட் சைட்னு ஒரு கம்பெனி கைவிட்டதுல 350 பேருக்கு மேல கண்ணுக்குள்ள சர்வீஸ் இல்லாத மிஷினோட நின்னாங்க. வயலை வித்து வைக்கிறேன்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்றேன், பேச்சு சிப் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, கடையில விக்கிற பொருள் கிடையாது, யாராவது ஏற்பாடு பண்றேன்னு அட்வான்ஸ் கேட்டா ஒரு பைசா குடுக்காதீங்கன்னு.

இப்போ என் விஷயத்துக்கு வரேன். நான் போற ஒரு வீட்ல அண்ணாச்சி ஒருத்தர், மூளைத்தண்டு ஸ்ட்ரோக், கண்ணை மேல கீழ உருட்டவும் இமைக்கவும் மட்டும்தான் முடியும், சுயநினைவு முழுசா இருக்கு. நிஜமாவே உங்க செய்தி பொருந்துற ஆளு அவர்தான். ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பும்போது மூக்கு டியூப் எப்படி கழுவுறது, எப்படி திருப்பி படுக்க வைக்கிறதுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, இவர் கூட எப்படி பேசுறதுன்னு ஒருத்தரும் சொல்லல. நம்ம எழுத்து இதுக்குன்னே அடுக்கி வச்ச மாதிரி இருக்கு, உயிரெழுத்து ஆறு ஆறா ரெண்டு வரிசை, வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, மொத்தம் அஞ்சு வரிசை. தினசரி காலண்டர் அட்டையோட பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால எழுதி குடுத்தேன். அவரைப் பாத்துக்கிற அக்கா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையை சொல்லணும், அவர் கண்ணை மேல தூக்கினா நிறுத்தி அந்த வரிசையில ஒவ்வொரு எழுத்தா சொல்லணும். மூணாவது வரிசை, முதல் எழுத்து க. அப்புறம் ரெண்டாவது வரிசையில ஒ. திரும்ப மூணாவது வரிசை, ச. அக்கா அட்டையை கீழ போட்டுட்டு "கொசுவா?"ன்னு கத்திட்டாங்க. ராத்திரி எல்லாம் தூங்காம முழிச்சு கிடக்காருன்னு அதுவரைக்கும் தூக்க மாத்திரை குடுத்துட்டு இருந்திருக்காங்க, முகத்துல கடிக்கிற கொசுவை ஓட்ட முடியாம கிடந்திருக்காரு மனுஷன். மூணு எழுத்துல அக்கா கண்டுபிடிச்சாங்க பாருங்க, கோடிக்கணக்குல செலவு பண்ணி கலிபோர்னியாவுல கம்ப்யூட்டர் செய்ற ஊகமும் அதேதான். இப்போ அவர் கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேக்கிறாரு, மருமகன் வந்தா போக சொல்றாரு (அது அவங்க குடும்ப விஷயம்).

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி போடும்போது பக்கத்துல கால் பக்கம் அந்த அஞ்சு வரிசை கட்டத்தை போடுங்க, வெட்டி அட்டையில ஒட்டிக்கிற மாதிரி பெரிய எழுத்துல, எப்படி யூஸ் பண்றதுன்னு நாலு வரியோட. கட்டம் நானே போட்டு அனுப்புறேன். அஃபேசியா உள்ளவங்களுக்கு இந்த அட்டை பெருசா உதவாது, எழுத்து கூட்டுறதே அவங்களுக்கு சிரமம், அவங்களுக்கு படம் போட்ட அட்டையும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும்தான் வேணும், ஸ்ட்ரோக் வந்த உடனே ஆரம்பிச்சா நல்லதுன்னு அதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
பாளையங்கோட்டை