அப்பாவின் குடல் கட்டியைக் கண்டுபிடித்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வீடு வந்துவிட்டார். ஆளாளுக்குப் போன் போட்டு நன்றி சொல்லி மாளாது, அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

ரத்தம் குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நாங்கள் முதலில் போன இடத்தில் மூலம் என்றார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டிலும் ஒன்றுமில்லை. "ரத்தம் எங்கேயோ போகத்தானே செய்கிறது" என்று விடாமல் பிடித்துக்கொண்ட குடல் டாக்டர் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. மேலிருந்தும் கீழிருந்தும் விடுகிற குழாய்கள் ஆறு மீட்டர் சிறுகுடலின் நடுப்பகுதி வரை எட்டாது என்று அவர்தான் படம் வரைந்து காட்டினார். அப்புறம் குடலை விரிக்கத் திரவம் குடிக்கவைத்து எடுத்த சிடி ஸ்கேனில் கட்டி தெரிந்தது.

அறுவை டாக்டர் ஐயா, கட்டி உடைந்தால் வயிறெல்லாம் சிதறிவிடும் என்று அவசரப்படாமல், அதைக் குடல் துண்டோடு முழுசாக எடுத்து இரு முனைகளையும் இணைத்துத் தைத்தீர்கள். ரத்தம் கொடுத்த தம்பிகளே, நீங்கள் வராமல் அப்பாவை ஆபரேஷன் டேபிளுக்கே ஏற்றியிருக்க மாட்டார்கள்.

இன்னொருவரை நாங்கள் பார்த்ததேயில்லை. அந்தத் துண்டைச் சோதித்த நோயியல் நிபுணர். இந்த வகைக் கட்டியை ஒரு காலத்தில் தசைக் கட்டி என்றே எழுதிவிடுவார்களாம். இவர் சிடி117 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்து, ஜிஸ்ட் (குடல் சுவரில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டி) என்று உறுதி செய்து, பிரியும் செல்களை எண்ணித் திரும்ப வரும் அபாயம் அதிகம் என்றும் எழுதினார். வழக்கமான கீமோ இதற்கு அவ்வளவாகக் கேட்காது. இமாடினிப் மாத்திரைதான், அதுவும் மூன்று வருடம்.

விலையைக் கேட்டு முதலில் பயந்தோம். ஆனால் 2013-இல் உச்ச நீதிமன்றம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற இதே இமாடினிப் மருந்துக்குக் காப்புரிமை மறுத்ததால் உள்நாட்டுக் கம்பெனி மாத்திரை எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது. அந்த வழக்கில் எதிர்த்து நின்ற மும்பை புற்றுநோயாளிகள் உதவிச் சங்கத்துக்கும் எங்கள் வீட்டின் கும்பிடு, அவர்களுக்கு எங்களைத் தெரியாவிட்டாலும்.

வலிக்குது என்று கத்தியவரை மறுநாளே அதட்டி நடக்கவைத்த நைட் டியூட்டி சிஸ்டர், அப்பா இப்போதும் உங்களைத்தான் திட்டுகிறார், பாசமாக.

மளிகைக் கடையைத் திறந்து வைத்த சித்தப்பா, உங்களுக்கு நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன். வரும்போது கடன் நோட்டையும் கொண்டுவாருங்கள், அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.