பந்தய நாளில் அந்த ஊசி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடும்போது நுரையீரலில் இரத்தம் கசியும் பந்தயக் குதிரைகளுக்கு முன்கூட்டியே பியூரோசமைட் ஊசி போடுவதே கருணை என்று தங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கக் கட்டுரை வாதிட்டிருந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. நம் வீடுகளில் இருதய நோயாளிகள் கால் வீக்கம் வடிய விழுங்கும் அதே லாசிக்ஸ்தான் இது. உடல் நீரைச் சிறுநீராக வெளியேற்றி, நுரையீரல் நுண்குழாய்களின் அழுத்தத்தைத் தணிக்கிறது. கசிவு குறைகிறதே தவிர நிற்பதில்லை. கூடவே குதிரையின் எடையும் சுமார் 10 கிலோ இறங்குகிறது. எடை குறைந்த குதிரை வேகமாக ஓடும் என்பதால், பலருக்கு வேண்டியது இந்த ஆதாயம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரித்தானியாவிலும் ஹொங்கொங்கிலும் பந்தய நாளில் இதற்குத் தடை உண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியே 2021 முதல் இம்மருந்து இல்லாமல் நடக்கிறது.

பந்தயம் முடிந்து திரும்பிய ஒரு குதிரையை மிக அருகில் பார்த்திருக்கிறேன். தலையைத் தாழ்த்தித் திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாசித் துவாரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. பராமரிப்பாளர் ஈரத் துணியால் துடைத்ததும் அதுவும் மறைந்தது. பெரும்பாலான குதிரைகளில் அந்தக் கோடுகூட வெளியே வராது. மூக்கு வழியாகக் குழாய்க் கமரா செலுத்தினால்தான் தெரியும். ஆகவே நுவரெலியாவில் ஓடும் ஒவ்வொரு குதிரையையும் ஓட்டத்தின் பின் மிருக வைத்தியர் இவ்வாறு பரிசோதிக்கட்டும். கசிவு கண்டால் ஓய்வு கொடுக்கட்டும். அவுஸ்திரேலியாவில் இரு நாசித் துவாரங்களிலும் இரத்தம் வடிந்த குதிரைக்கு 3 மாதத் தடை, மறுமுறை வடிந்தால் நிரந்தரத் தடை. அதே விதியை இங்கும் எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6