மின்சார சாக்ஸஃபோன்: குறை ரசனையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1960-களின் அமெரிக்க ஜாஸ் இசை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மின்சார சாக்ஸஃபோனை இரண்டே வரியில் ஒதுக்கிவிட்டது. சுவிட்சைத் தட்டினால் வருகிற சத்தம், ரசிகர்கள் ஏற்கவில்லை, மறைந்துபோனது என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அந்தக் கலைஞர்கள் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்பதைச் சொல்லாமல் இப்படித் தீர்ப்பு எழுதுவது சரியல்ல. சிக்கல் ரசனையில் தொடங்கவில்லை. ஒலியை மின் அலையாக மாற்றும் பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் சர்க்யூட் எதை எண்ணுகிறது என்பதில்தான் தொடங்கியது.

சாக்ஸஃபோன் தயாரிப்பாளரான செல்மரின் அமெரிக்க நிறுவனம் 1965-ல் வாரிடோன் என்ற மின்சார சாக்ஸஃபோன் அமைப்பைக் கொண்டுவந்தது. மின்னணுப் பகுதி எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்துடையது. சாக்ஸஃபோனின் நெக்கில், அதாவது மவுத்பீஸ் செருகும் வளைந்த மேல் குழாயில், ஒரு பிக்கப், வாத்தியத்தின் மேலேயே பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டி, தனி ஆம்ப்ளிஃபையர் என்று மூன்று பகுதிகள். வாசிக்கும் ஸ்வரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸ்வரத்தைச் சேர்த்துத் தரும்; எக்கோவும் ட்ரெமலோவும் உண்டு. சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ஸ்டிட் 1966-லேயே இதை வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். கான் நிறுவனத்தின் மல்டி-வைடர், கிப்ஸனின் மேஸ்ட்ரோ, வாக்ஸின் ஆம்ப்ளிஃபோனிக் எல்லாம் ஓரிரு ஆண்டுக்குள் வரிசையாக வந்தன. மேஸ்ட்ரோவில் ட்யூபா, பசூன் என்று வேறு வாத்தியங்களின் பெயரிலேயே பொத்தான்கள் இருந்தன. அந்தப் பெயர்களை நம்பி வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான். அவை வெறும் ஃபில்டர்கள். சாக்ஸஃபோன் பசூனாக மாறாது.

பிக்கப்பை ஏன் மவுத்பீஸிலோ நெக்கின் மேல் பகுதியிலோ வைத்தார்கள்? குழாயின் ரீட் (அதிரும் நாணல் தகடு) முனையில் எல்லா ஸ்வரங்களுக்கும், அவற்றோடு மடங்குகளில் சேர்ந்தொலிக்கும் எல்லா ஹார்மோனிக்குகளுக்கும் காற்றழுத்த ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து கீழே போகப் போக, ஏதாவது ஒரு ஹார்மோனிக்கின் அழுத்தம் அந்த இடத்தில் பூஜ்ஜியத்தை நெருங்கும். அப்போது ஒரு ஸ்வரம் கனத்தும் அடுத்தது சோனியாகவும் கேட்கும். இன்னொரு காரணம் மேடை. பக்கத்தில் டிரம்ஸ் முழங்கும்போது வெளி மைக் அதையும் சேர்த்துப் பிடிக்கும், ஸ்பீக்கர் ஒலியை மீண்டும் வாங்கி ஊளையிடும். குழாய்க்குள் இருக்கும் பிக்கப்புக்கு சாக்ஸஃபோன்தான் பெரும்பாலும் கேட்கும். மவுத்பீஸுக்குள் ஒலி அழுத்தம் 150 டெசிபெலைத் தாண்டும் என்பதால் சாதாரண மைக் அங்கே தாங்காது. அதனால்தான் செராமிக் வகை பிக்கப்.

இதற்குக் கொடுத்த விலை நாதம். குழாய்க்குள் இருக்கும் ஒலியும் நம் காதுக்கு வரும் ஒலியும் ஒன்றல்ல. திறந்த துளைகள் கீழ் ஹார்மோனிக்குகளைப் பெரும்பாலும் உள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டு மேலுள்ளவற்றைத் தாராளமாக வெளியே விடுகின்றன. ஒரு வரம்பு வரை, ஸ்தாயிக்குச் சுமார் 6 டெசிபெல் வீதம் வெளி ஒலி பிரகாசம் கூடுகிறது. உள்ளே இருக்கும் பிக்கப்புக்கு அந்தப் பிரகாசம் கிடைக்காது. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மொத்தையாகக் கேட்கும். அந்தக் காலத்து டோன் குமிழை முழுக்கத் திருப்பினாலும் இந்தச் சரிவை ஈடுகட்ட முடியவில்லை. அன்றைய பதிவுகளில் கேட்கும் மூக்கடைத்த குரலுக்கு இதுதான் முக்கியக் காரணம். வாசித்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்தது ஸ்தாயி இறக்கும் சர்க்யூட். கட்டுரையாளர் 'சுவிட்ச்' என்று சொன்னது இதைத்தான் என்றால், வாசிப்பவரிடம் மிகக் கண்டிப்பான ஒழுங்கைக் கேட்டது இந்தப் பகுதிதான். பிக்கப்பிலிருந்து வரும் அலையை முதலில் ஒரு ஃபில்டர் மழுங்கடிக்கும், பிறகு அது சதுர அலையாக்கப்படும், அதன் பின் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை நிலை மாறும். இரண்டு அலை உள்ளே போனால் ஓர் அலை வெளியே வரும். 220 ஹெர்ட்ஸ் போனால் 110. கணக்கு எளிமையானது; ஆனால் அந்த எண்ணிக்கை பிசகுவது அதைவிட எளிது. சாக்ஸஃபோனின் கீழ் ஸ்வரங்களில் இரண்டாவது ஹார்மோனிக் அடிப்படை ஒலியைவிட ஓங்கி நிற்பதுண்டு. அப்போது சர்க்யூட் ஓர் அலையை இரண்டாக எண்ணும், பாதியாக்கினால் பழைய ஸ்வரமே வந்து நிற்கும். ஸ்வரம் நடுவே மேலும் கீழும் துள்ளுவது இதனால்தான். காற்று கலந்த மென்மையான ஊதலில் இரைச்சலையும் அலையாக எண்ணித் திக்கும். தொண்டையில் உறுமிக்கொண்டே ஊதினால் இரண்டு சுருதிகள் மோதிப் படபடக்கும். ஸ்வரம் தேய்ந்து அடங்கும்போது, சர்க்யூட் உணரும் வரம்புக்குக் கீழே போன கணத்தில் கீழ் ஸ்தாயி மட்டும் படக்கென்று அறுந்துபோகும்.

ஆகவே நாக்கால் சுத்தமாகத் தொடங்கி, ஒரே பலத்தில் ஊதி, ஸ்வரத்தைத் தேயவிடாமல் வெட்டி நிறுத்த வேண்டும். நடு ஸ்தாயியில் நிற்பது பாதுகாப்பு. ஸ்டிட்டின் தெளிவான உச்சரிப்பு இதற்கு ஏற்கெனவே பொருந்தியிருந்தது. ஆனால் கருவிக்காகத் தன் இசையின் வடிவத்தையே மாற்றியவர் சாக்ஸஃபோன் கலைஞர் எடி ஹாரிஸ். 1967-ல் பதிவான அவருடைய 'தி எலக்ட்ரிஃபையிங் எடி ஹாரிஸ்' தொகுப்பில் உள்ள 'லிசன் ஹியர்' பாடலைக் கேட்டால் புரியும். கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) அதிகம் நகராத தாளக்கட்டு, குட்டி குட்டிச் சொற்கட்டுகள், நடுவே போதிய இடைவெளி. அந்தப் பாடல் ஜாஸ் வட்டத்தைத் தாண்டி வெற்றி பெற்றது. ரசிகர்கள் ஏற்கவில்லை என்ற வாக்கியம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

எக்கோவுக்கும் இதே கதைதான். எக்கோப்ளெக்ஸ் என்பது ஒரு டேப் வளையமும் நகர்த்தக்கூடிய ஹெட்டும் கொண்ட பெட்டி. நொடிக்கு 19 செ.மீ. ஓடும் டேப்பில் இரண்டு ஹெட்டுகளுக்கு இடையே 9.5 செ.மீ. இருந்தால் எதிரொலி அரை நொடி கழித்து வரும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அது சரியாக ஒரு தட்டு. கார்டு வேகமாக மாறும் பாடலில் முந்தைய கார்டின் ஸ்வரங்கள் அடுத்ததன் மேல் வந்து விழுந்து குழம்பும். ஒரே கார்டில் நிற்கும் பாடலில் அதுவே துணை வாத்தியமாகிவிடும். ஜான் க்ளெம்மர் 1970-களில் எக்கோப்ளெக்ஸுடன் தனியாகவே வாசித்தது இந்த வழியில்தான். ஜாஸுக்குச் சற்று வெளியே இசையமைப்பாளர் டெரி ரைலி இரண்டு டேப் ரெக்கார்டர்களைத் தள்ளி வைத்து, ஒரே டேப்பை இரண்டின் வழியாகவும் ஓடவிட்டு, சொப்ரானோ சாக்ஸஃபோனை அடுக்கடுக்காகக் கட்டினார். அதே வேகத்தில் ஹெட்டுகள் 1.9 மீட்டர் தள்ளி இருந்தால் 10 நொடி இடைவெளி.

கட்டுரையைப் படித்துவிட்டு இன்று முயல நினைப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பீசோ (செராமிக்) பிக்கப்பை நேராக மிக்ஸரில் செருகாதீர்கள். பிக்கப்பின் மின்தேக்கம் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ ஓம் உள்ளீட்டில் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே படிப்படியாகத் தேய்ந்துவிடும். 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீ-ஆம்ப் (முன்-பெருக்கி) இருந்தால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். டெனர் சாக்ஸஃபோனின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 104 ஹெர்ட்ஸ் என்பதால் கவலையில்லை. டைனமிக் மைக்கை கிட்டார் பெடலில் கொடுப்பதானால் நடுவே 1:10 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மின்னழுத்தம் பத்து மடங்காகும், பெடல் எதிர்பார்க்கும் உயர் இம்பீடன்ஸும் (மாறுமின் தடை) கிடைக்கும். மைக்கைக் கீழே புனலின் வாய்க்குள் திருப்பினால் அடி ஸ்வரங்கள் மட்டும் குமுறும். இடது கை விசைகள் பக்கம் சாய்த்து வையுங்கள், நடு ஸ்வரங்கள் சமமாக வரும்.

பெடல் வரிசையில் ஸ்தாயி இறக்கும் பெடல்தான் முதலில். அதற்கு முன்னால் எக்கோவை வைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்கள் போய் எண்ணிக்கை கெடும். பிறகு ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ், வா-வா, கடைசியில் எக்கோ, அங்கிருந்து மிக்ஸருக்கேற்ப சிக்னலை மாற்றித் தரும் டிஐ பெட்டி வழியாக மிக்ஸர். வா-வா பெடல் ஒரு குறுகிய அலைவரிசையைத் தூக்கிக்கொண்டு நகர்வதால், அது மேடை ஊளையின் சுருதியில் வந்து நிற்கும் கணத்தில் மைக் அலறும். அந்தப் பெடலுக்கு மட்டும் உள் பிக்கப்பே சிறந்தது.

மறைந்துபோனது என்பதும் சரியல்ல. 1978-ல் ப்ரெக்கர் சகோதரர்களின் 'ஹெவி மெட்டல் பீ-பாப்' தொகுப்பில் மைக்கேல் ப்ரெக்கரின் டெனர் எஃபெக்டுகளின் வழியாகத்தான் ஒலிக்கிறது.

கடைசியாக, பழைய வாரிடோன் சாக்ஸஃபோன் வாங்க நினைப்பவர்கள் நெக்கைக் கழற்றிப் பாருங்கள். பிக்கப் போய்விட்டு, துளையை ஏதோ ஒன்றால் அடைத்திருப்பார்கள். ஆக்டேவ் துளையை மூடிக்கொண்டு, அகன்ற முனையை உள்ளங்கையால் அடைத்து, கார்க் முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். நெக் உள்ளங்கையை இழுத்துப் பிடித்தபடி ஒட்டி நின்றால் கசிவு இல்லை. காற்று கசிந்தால் கீழ் ஸ்வரங்கள் பேசாது, அல்லது தாமாக மேல் ஸ்தாயிக்குத் தாவும். புதிதாக பிக்கப் பொருத்துவதானால் சொந்த நெக்கைத் துளைக்காமல் வேறொரு நெக் வாங்கித் துளையுங்கள். உள்ளே சேரும் எச்சில் ஈரம் துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் பிக்கப்பைக் கழற்றித் துடைத்து உலர வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்