எங்க காம்ப்ளெக்ஸ் டிரஸ்டிகளுக்கு: உச்சி வெயில்ல பக் நாய் நடக்காது

நம்ம கட்டடத்த நிர்வாகம் பண்ற டிரஸ்டி அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருக்கிற புது நோட்டீஸ படிச்சேன். காலையில பத்துல இருந்து மத்தியானம் மூணு வரைக்கும் மட்டும்தான் நாயக் கீழ கூட்டிட்டு வரணுமாம், மத்த நேரம் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவாங்க, வயசானவங்க வாக்கிங் போவாங்களாம். சரிதான். ஆனா இது தென்னாப்பிரிக்கா டர்பன், அதுவும் பிப்ரவரி, இங்க நல்ல கோடை, எங்க வீட்டு லட்டு பக் நாய்.

நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூட்ட வெளிய தள்ளும். பக்குக்கு மூக்கு சப்பை, மூக்கு ஓட்டை சின்னது, உள்ள தொண்டைச் சதை வேற வழிய அடைச்சுக்கிட்டு நிக்கும், அதனாலதான் கொர் கொர்னு சத்தம், நீங்க க்யூட்னு சொல்றீங்களே அதேதான். காத்துல ஈரம் ஜாஸ்தியானா மூச்சிரைச்சும் சூடு இறங்காது, நம்ம ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியாததா. ஹீட்ஸ்ட்ரோக் வந்தா ஈறு நெறம் மாறி, வாந்தி எடுத்து, தள்ளாடி விழும், டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள உயிரே போயிடலாம். தரைச் சூடு தனி. தைப்பூசத்துக்கு வெறுங்கால்ல காவடி எடுத்தவங்க உங்கள்லயே இருக்கீங்க, மத்தியானத் தார் ரோடு எப்படின்னு நானா சொல்லணும்?

பால்கனியில விடும்மான்னு ஒரு அங்கிள் சொன்னாரு. அங்க துணிகூட ஒரு மணி நேரத்துல காஞ்சுடுது அங்கிள்.

நம்மள மாதிரி அடுக்குமாடிக்கான செக்ஷனல் டைட்டில் சட்டத்தோட வர்ற நடத்தை விதியில முதல் விதியே மிருகம் வளர்க்கிறதப் பத்தித்தான். நீங்க எழுத்துல அனுமதி குடுக்கணும், நியாயமில்லாம மறுக்கக் கூடாது, கண்டிஷன் போடலாம், ஆனா அதுவும் நியாயமா இருக்கணும். அனுமதி லெட்டர் எங்கிட்ட இருக்கு, இந்த டைம் கண்டிஷன் நியாயமான்னுதான் கேக்குறேன். குடியிருப்புத் தகராறத் தீர்த்து வெக்கிற அரசு அமைப்பு, அந்த ஓம்பட் சர்வீஸுக்கு எழுதலாம்னு மக சொல்றா, ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு அந்த வம்பு எதுக்குன்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.

காலையில ஆறரைக்கு முன்னாடி, ராத்திரி ஏழுக்கு மேல விடுங்க, போதும். ஹார்னெஸ் போட்டுத்தான் வரும் (கழுத்துப் பட்டைய இழுத்தா அதுக்கு மூச்சு முட்டும்), கக்காவ பையில அள்ளிடுவேன். அள்ளாம போறவங்கதான் உங்க உண்மையான தலைவலி, அவங்களுக்கு ஃபைன் போடுங்க, நானே கை தூக்குறேன். ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம், நம்ம குவாசூலு நட்டால் மாகாணத்துல அந்த நோய் இன்னும் இருக்கு, அதனால ஊசி கார்ட எல்லார்கிட்டயும் கேளுங்க, எங்கிட்டயும்தான். ஜூன் ஜூலையில வேணும்னா உங்க டைமே இருக்கட்டும், குளிர்ல பத்து மணி வெயில் லட்டுக்கு சுகம்.

அடுத்த மீட்டிங்ல இத எடுங்க. அதுவரைக்கும் நாங்க காலையில ஆறு மணிக்குத்தான் இறங்குவோம், ஃபைன் போடுறதுன்னா லெட்டர்ல எழுதிக் குடுங்க.